பன்றிக்கு எந்தத் தோட்டா?

1986-ஆம் வருஷம். ஹூஸ்டனிலிருந்து சுகர் லேண்டைத் தாண்டிப் போனால் பிரேசோஸ் ஆறு வரும். அந்த ஆற்றுப் பக்கம் இரண்டு ஏக்கர் நிலத்தோடு ஒரு பழைய வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். நான் நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் எமர்ஜென்சி நர்ஸ். என் வீட்டுக்காரர் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற கருவிகள் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். ஏழு வயதில் ஒரு மகள். நாங்கள் தமிழில் பேசுவோம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள்.

அந்த வருஷம் எண்ணெய் விலை விழுந்தது. கூடவே ஹூஸ்டனில் பாதிப் பேருடைய வேலையும் விழுந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, காபி குடிக்கிற நேரத்திலேயே, ஒரு அட்டைப் பெட்டியில் தன் ஸ்லைடு ரூலையும் கோப்பையையும் போட்டுக்கொண்டு இவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். கால்குலேட்டர் வந்து பத்து வருஷம் ஆகியும், நகர்த்தி நகர்த்திக் கணக்குப் போடுகிற அந்தப் பழைய அளவுகோலை விடாத மனிதர். அன்றைக்கு அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் கராஜில் வைத்தவர், அப்புறம் அதைத் திறக்கவே இல்லை.

முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் சம்பளம் இருக்கிறது, வேறு வேலை கிடைக்கும் என்று நினைத்தேன். ஆனால் இவர் சவரம் செய்வதை நிறுத்தினார். டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார், டிவி ஓடாது. மீன் குழம்பில் உப்பு கொஞ்சம் குறைந்தால் ஒரு வாரம் சொல்லிக் காட்டுகிறவர், ஒருநாள் நான் உப்பே போட மறந்த குழம்பை ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். இது வெறும் வேலை போன வருத்தம் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் பன்றிகள் வந்தன.

கூட வேலை பார்த்த மலையாளி நர்ஸ் ஒருத்தி ஃப்ளோரிடாவிலிருந்து மரச்சீனிக் கம்பு கொண்டுவந்து கொடுத்திருந்தாள். மரவள்ளியை எங்கள் ஊரில் மரச்சீனி என்றுதான் சொல்லுவோம். மார்ச் மாதம் நட்டேன். டெக்சாஸ் வெயிலுக்கு ஆள் உயரம் வளர்ந்து நின்றது. கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்களை எல்லாம் கூப்பிட்டு மரச்சீனி அவித்துப் போடுவதாக வாயை வேறு விட்டிருந்தேன். ஜூலையில் ஒருநாள் டியூட்டி முடிந்து வந்து பார்த்தால், கடைசி வரிசை முழுக்க யாரோ டிராக்டர் விட்டு உழுதது மாதிரி கிடக்கிறது. கிழங்கு ஒன்றுகூட மிச்சமில்லை. ஆற்றங்கரைக் காட்டிலிருந்து வந்த காட்டுப்பன்றிகள்.

நான் தோட்டத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். இவர் வந்து அந்தக் குழிகளைச் சுற்றிச் சுற்றி நடந்தார். குனிந்து ஒரு குளம்புத் தடத்தை விரலால் அளந்தார். உள்ளே போய்ச் சவரம் செய்துகொண்டு, சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். "நீ அழாத பிள்ள. இத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். எனக்குக் கிடைத்த சந்தோஷத்தில் இன்னொரு வரிசையையும் பன்றிக்கு எழுதிக் கொடுத்திருப்பேன்.

நேராகத் துப்பாக்கிக் கடைக்குப் போனார். போன வேகத்திலேயே வெறுங்கையோடு திரும்பி வந்தார். கடைக்காரன் எந்த காலிபர் வேண்டும் என்று கேட்டிருக்கிறான். காலிபர் என்றால் துப்பாக்கிக் குழலின் உள் அகலம், அதற்கேற்ற தோட்டா. அதில் சின்னது பெரியது என்று ஏகப்பட்ட ரகம் இருக்கிறது. இவரோ ஒரு மிக்ஸி வாங்குவதற்கே ஊரில் உள்ள எல்லாரையும் விசாரித்து, முடிவெடுத்துக் கடைக்குப் போவதற்குள் அந்த மாடலே வருவது நின்றுபோன பெருமைக்குரியவர். "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று கடைக்காரனிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

இவர் துப்பாக்கிக் கடை என்று சொன்னவுடன் என் சந்தோஷம் அப்படியே வடிந்துவிட்டது. அந்த வருஷம் எமர்ஜென்சிக்கு வந்த சில ஆண்களைப் பற்றி நான் வீட்டில் பேசியதே இல்லை. வேலை போனவர்கள். வீட்டில் துப்பாக்கி இருந்தவர்கள். அவர்களில் ஒருவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மான் வேட்டைக்காகத்தான் வாங்கினார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இவருக்கு அப்படி ஒரு எண்ணம் இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. இல்லை என்று சத்தியம் செய்யவும் என்னால் முடியவில்லை. துப்பாக்கி வேண்டாம் என்று நேராகச் சொன்னால் காரணம் கேட்பார். காரணத்தைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. துப்பாக்கியும் வீட்டுக்கு வரக்கூடாது, பன்றி வேட்டை என்ற அந்த உற்சாகமும் போய்விடக்கூடாது. இரண்டுக்கும் ஒரே வழிதான் தெரிந்தது. இவர் ஆராய்ச்சி முடியவே கூடாது.

அதற்குக் கடவுளே ஒரு ஆளை அனுப்பினார். சுகர் லேண்டில் எங்கள் நண்பர் ஒருவர், மயிலாப்பூர்க்காரர், கல்லூரியில் பிசிக்ஸ் புரொபசர். முட்டை சேர்த்திருக்கும் என்று கேக்கைக்கூடத் தொடாதவர். காலிபர் விஷயம் காதில் விழுந்ததும் மனைவியோடு காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். என் மகளின் விளையாட்டுக் கரும்பலகையைத் தூக்கி ஹாலில் வைத்து, தோட்டாவின் எடை, வேகம், அது பன்றிமேல் மோதுகிற சக்தி என்று சாக்பீஸ் பறக்க எழுதினார். "சார், நம்ம நோக்கம் என்ன? அது ஒரு க்ஷணம்கூட அவஸ்தைப்படப்படாது. ஒரே அடியில போயிடணும். அதுக்கு மினிமம் எனர்ஜி எவ்வளவுன்னு பார்த்துடலாம்" என்றார். அவர் மனைவி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் வீட்டில் பன்றிச் சபை கூடியது. நான் வெங்காயம் போடாத சாம்பார் வைத்து இட்லி அவித்துப் போடுவேன். இட்லியைச் சாம்பாரில் குழைத்துக்கொண்டே அவர்கள் பன்றியைச் சாகடிப்பார்கள். இவர் நூலகத்திலிருந்து பன்றியைப் பற்றிய புத்தகங்களாக எடுத்துவந்து படித்தார். அதன் இருதயம் நாம் நினைப்பதைவிடக் கீழே, முன்னங்கால்களுக்கு நடுவில் இருக்கிறதாம். தோள் உயரம் இவ்வளவு, கழுத்துச் சுற்றளவு இவ்வளவு, மூக்கால் எவ்வளவு பலமாக முட்டும், எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தார். என் பிறந்தநாள்தான் அந்த வருஷமும் நினைவில் நிற்கவில்லை.

முதலில் டூ ஃபார்ட்டி த்ரீ என்று ஒரு தோட்டாவை முடிவு செய்தார்கள். சின்னது, சுடும்போது தோளில் விழுகிற உதை குறைவு, புதிதாகச் சுடுகிறவருக்கு நல்லது. மறுநாள் வாங்கப் போவதாக ஏற்பாடு. நான் இட்லி வைத்துக்கொண்டே, "ஆம்பளப் பன்னிக்குத் தோள்ல கேடயம் மாதிரி கெட்டித் தோலு இருக்குமாமே, அத இது துளைக்குமா?" என்று கேட்டேன். இரண்டு பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். புரொபசர் எழுந்துபோய்க் கரும்பலகையை அழித்தார்.

இந்தக் கேள்வி என் சொந்தச் சரக்கில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் மேற்கு டெக்சாஸ்காரரான ஒரு சர்ஜன் இருந்தார். வேட்டைப் பைத்தியம். கேன்டீனில் அவரிடம் உட்கார்ந்து, எந்தத் தோட்டாவுக்கு என்ன குறை என்று கேட்டுத் தெரிந்துகொள்வேன். நல்ல குணங்களைச் சொல்ல வந்தால் காது கொடுக்க மாட்டேன். என்னைப் பெரிய வேட்டைக்காரி என்று நினைத்துவிட்டார். வார்டில் என்னைப் பார்த்தால் கண்ணைச் சிமிட்டி, இன்னும் கிடைக்கவில்லையா என்று கேட்பார். புடவை கட்டிக்கொண்டு சர்ச்சுப் பூசைக்குப் போகிற என்னைப் பற்றி அந்த ஆஸ்பத்திரியில் என்னென்ன கதை உலாவியதோ, மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

அடுத்ததாக தர்ட்டி ஆட் சிக்ஸ் என்று முடிவானது. பெரிய தோட்டா, யானையே ஒதுங்கிப் போகும் என்றார் புரொபசர். "நல்லதுதான். ஆனா அது உதைக்க உதையில உங்க வலது தோளு தாங்குமா? கை தூக்க முடியலன்னு போன வருசம்தானே எண்ணெ போட்டுத் தடவுனேன்" என்றேன். அதுவும் போயிற்று. அப்புறம் டூ செவன்ட்டி. தூரமாகவும் நேராகவும் போகுமாம். "பன்னிய விட்டு அங்கிட்டுப் போயி பக்கத்துப் பண்ண மாட்டுல பட்டா?" அதுவும் போயிற்று. கடைசியில் தர்ட்டி தர்ட்டி. கிட்டத்திலிருந்து சுட ஏற்றது, குறுங்காட்டுக்குத் தோதானது. "கிட்ட நீங்க போலாம், பன்னியும் கிட்ட வருமில்லா?" என்றேன். புரொபசர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "சிஸ்டர், நீங்க நர்ஸாப் போனது பிசிக்ஸுக்கு நஷ்டம்" என்றார். நர்ஸ் என்பதால் அவருக்கு நான் எப்போதும் சிஸ்டர்தான்.

இப்படி ஜூலையில் கூடிய சபை செப்டம்பர்வரை ஓடியது. நடுநடுவே பன்றிகளும் வந்து தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு போயின. என் மகள் ஒருநாள் பொறுக்காமல், "டாட், ஜஸ்ட் பிக் ஒன்!" என்று கத்தினாள். ஆனால் இவர் தினமும் சவரம் செய்தார். சாம்பாரில் பெருங்காயம் தூக்கல் என்று குறை சொன்னார். அந்தக் குறையைக் கேட்டு அடுப்படியில் போய் நான் சிலுவை போட்டுக்கொண்டேன். போன மரச்சீனி போகட்டும், இப்படியே கிறிஸ்துமஸ்வரை இழுத்துவிட்டால் போதும் என்றிருந்தேன்.

இழுக்கவிடவில்லை பக்கத்துப் பண்ணை அம்மா. எங்களைப் போலவே கத்தோலிக்கர், ஐம்பது வயதிருக்கும், தலையில் சுருட்டைக் கிளிப்புகளோடேயே டிரக் ஓட்டுவார். ஒருநாள் சாயங்காலம் வந்து ஹார்ன் அடித்தார். பன்றிகள் அவருடைய சோளத்திலும் கை வைத்துவிட்டனவாம். "நீங்கள் முடிவெடுப்பதற்குள் அதுகளுக்குப் பேரன் பேத்தி பிறந்துவிடும்" என்று சொல்லி, டிரக்கின் சீட்டிலிருந்து ஒரு துப்பாக்கியையும் தோட்டாப் பெட்டியையும் எடுத்து இவர் கையில் திணித்தார். த்ரீ நாட் எயிட். உள்ளே தோட்டா இல்லை என்று திறந்தும் காட்டினார். இவர் அதைப் பிறந்த பிள்ளையை வாங்குகிற மாதிரி இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றார். டிரக் போய்விட்டது. த்ரீ நாட் எயிட்டுக்கு என்ன குறை என்று நான் சர்ஜனிடம் இன்னும் கேட்டிருக்கவில்லை.

துப்பாக்கியையும் தோட்டாப் பெட்டியையும் காரின் பின்னால் வைத்துப் பூட்டினார். சாவியை நான் வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். விடியும்வரை மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாதா என்னவோ சரஸ்வதியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். மறுநாள் ஆயுத பூஜை.

இவர் அமெரிக்கா வருவதற்கு முன் கோயம்புத்தூரில் ஒரு பம்பு ஃபேக்டரியில் இருந்தவர். அங்கே ஆயுத பூஜை அன்று லேத்துக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி கடலை கொடுப்பார்கள். கிறிஸ்தவராக இருந்தாலும் அந்தப் பழக்கம் இவருக்கு உயிர். ஹூஸ்டனிலும் வருஷா வருஷம் புரொபசர் வீட்டுப் பூஜையில் தன் ஸ்லைடு ரூலைக் கொண்டுபோய் வைப்பார். அந்த வருஷம் வரவில்லை என்று சொல்லிவிட்டார். "வேலயத்தவனுக்கு என்ன ஆயுதம் இருக்கு, கொண்டு வைக்கதுக்கு?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பூஜையில் வைத்த கருவியை மறுநாள் விஜயதசமி பூஜை முடிகிறவரை யாரும் எடுக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஃபேக்டரியில் அன்றைக்கு ஸ்குரூ டிரைவரைக்கூடத் தொடவிட மாட்டார்கள் என்று இவரே சொல்லியிருக்கிறார். "ஆயுதம் இல்லன்னு யாரு சொன்னா? காருக்குள்ள கெடக்குலா" என்றேன். இவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம், "அதுவும் சரிதான்" என்று சட்டையை மாற்றினார்.

புரொபசர் வீட்டு மாமி வெலவெலத்துப் போனார். பெட்ஷீட்டில் சுற்றிய துப்பாக்கியைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் எங்கே வைப்பது? கடைசியில் அவருடைய வீணைக்கும் புரொபசரின் கால்குலேட்டருக்கும் நடுவில் இடம் கிடைத்தது. எங்கே குங்குமம் வைப்பது என்று அடுத்த கேள்வி. குழலில் ஒன்று, கட்டையில் ஒன்று என்று புரொபசர் தீர்ப்புச் சொன்னார். பன்றி சுடுகிற துப்பாக்கிக்கு அவர் கற்பூரம் காட்ட, இவர் கண்ணை மூடிக் கும்பிட, நான் பைபிள் சங்கீதம் ஒன்றை மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரு தூக்குச்சட்டி நிறைய கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுத்தார் மாமி. துப்பாக்கியை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் கிளம்பினோம்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் ஸ்டேஷன் வேகன் உள்ளே திரும்பியதும் முன்விளக்கு வெளிச்சம் தோட்டத்தில் விழுந்தது. மொத்தக் குடும்பமும் அங்கே இருந்தது. ஒரு பெரிய பெண் பன்றி, அதைச் சுற்றிக் குட்டிகள், தூரத்தில் ஒரு ஆண் பன்றி. மரச்சீனியை ஆற அமர உட்கார்ந்து சாப்பிடாத குறைதான். மூன்று மாதம் இட்லி தின்று ஆராய்ச்சி செய்த மனிதருக்கு முன்னால், அதுவரை தரிசனமே கொடுக்காத பன்றிகள், சுட வேண்டிய தூரத்தில், சுட வேண்டிய கோணத்தில் நிற்கின்றன. துப்பாக்கி சுகர் லேண்டில் சரஸ்வதி காலடியில்.

இவருக்கு என்ன தோன்றியதோ, என் மடியிலிருந்த சுண்டல் தூக்கைப் பறித்துக்கொண்டு காரிலிருந்து குதித்தார். தூக்கை மூடியால் தட்டிக்கொண்டு, "போ! போ!" என்று கத்திக்கொண்டே ஓடினார். ஆண் பன்றி ஓடிவிட்டது. பெண் பன்றி ஓடவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தது, அப்புறம் நேராக இவரை நோக்கி வந்தது. குட்டி போட்ட பன்றி எவ்வளவு வேகமாக ஓடும் என்பது இவர் படித்த புத்தகத்திலேயே இருந்தது. இவர் அதைவிட வேகமாக ஓடிவந்தார். நான் எட்டிக் கதவைத் திறப்பதற்குள், பானட்டில் கால் வைத்து, காரின் கூரைமேல் ஏறிவிட்டார். தூக்கு எங்கேயோ பறந்தது. நான் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து ஹார்னை அமுக்கினேன். அந்தப் பன்றி ஹார்னுக்கெல்லாம் அசைகிற சாதியாகத் தெரியவில்லை. காரைச் சுற்றி ஒரு சுற்று வந்தது. அப்புறம் குட்டிகளைக் கூப்பிட்டுச் சிதறிக் கிடந்த சுண்டலை ஒன்று விடாமல் தின்றது. தூக்குக்குள் மூக்கை விட்டு அடிவரை வழித்தது.

அப்போது பின்சீட்டிலிருந்து என் மகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, மேலே பார்த்துக் கேட்டாள்: "டாட், விச் காலிபர் நவ்?"

நான் ஹார்னிலிருந்து கையை எடுத்தேன். அப்புறம் கார் லேசாகக் குலுங்க ஆரம்பித்தது. இவர் சிரிக்கிறார். முதலில் மூச்சுச் சத்தமாக, அப்புறம் ஊரே கேட்கிற மாதிரி, தகரக் கூரையில் கையால் அறைந்து அறைந்து சிரித்தார். அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை. நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. ஹார்ன்மேல் தலையைச் சாய்த்துவிட்டதால் அது வேறு அலறிக்கொண்டிருந்தது. பன்றிகள் சுண்டலை முடித்துவிட்டு, அவசரமே இல்லாமல் ஆற்றுப் பக்கம் போயின.

மறுநாள் காலையில் புரொபசருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "சுண்டலைச் சாப்பிட்டுடுத்தா? அது அம்பாள் பிரசாதமாச்சே சிஸ்டர். பிரசாதம் சாப்பிட்ட ஜீவனை இனிமே எப்படிச் சுடறது? நான் இதுலேர்ந்து விலகிக்கறேன்" என்றார். பன்றிச் சபை அத்தோடு கலைந்தது. நான் இவரிடம், பூஜை முடிந்திருக்கும், போய்த் துப்பாக்கியை எடுத்துவாருங்கள் என்றேன். எனக்கு அப்போது பயம் தெளிந்திருந்தது. இவர் தோட்டத்தைப் பார்த்தபடி, "வேண்டாம் பிள்ள. அந்த அம்மாட்டயே கொடுத்திரலாம். எனக்கு வேற ஒண்ணு தோணுது" என்றார். துப்பாக்கி திரும்பிப் போனது. அதில் சிவப்புப் பொடி எப்படி வந்தது என்று அந்த அம்மா வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

இவர் கராஜுக்குப் போய் அந்த அட்டைப் பெட்டியைத் திறந்தார். ஸ்லைடு ரூலை எடுத்தார். பழைய இரும்புக் குழாய்களையும் கம்பி வலையையும் சேர்த்துப் பன்றிக்கூண்டு ஒன்றைச் செய்தார். உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. மூன்று மாதமாகப் பன்றியின் தோள் உயரம், கழுத்துச் சுற்றளவு, முட்டுகிற பலம் எல்லாம் படித்திருந்தாரே, அத்தனையும் அந்தக் கதவில் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு மிஞ்சியிருந்த ஒரு வரிசை மரச்சீனியை அவித்தேன், பன்றிக்கறியும் வைத்தேன். பிரசாதம் சாப்பிட்ட பன்றியா சாப்பிடாத பன்றியா என்று யாரும் விசாரிக்கவில்லை. புரொபசர் மட்டும் தயிர்சாதத்தோடு நிறுத்திக்கொண்டார். சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு எங்களுக்கும் கூண்டு வேண்டும் என்றார்கள். எண்ணெய்க் கம்பெனி வேலை மறுபடி வருகிறவரை கராஜில் வெல்டிங் பொறி பறந்துகொண்டே இருந்தது.

ரொம்ப வருஷம் கழித்து, மகள் கல்லூரிக்குப் போன பிறகு, ஒருநாள் இரண்டு பேரும் உட்கார்ந்து மரச்சீனித் தோல் உரித்துக்கொண்டிருந்தோம். அந்த வருஷம் நான் ஏன் அத்தனை கேள்வி கேட்டேன் என்பதை அன்றைக்குத்தான் இவரிடம் சொன்னேன். சர்ஜனிடம் குறை கேட்டதையும், சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்ததையும் சொன்னேன். இவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "தெரியும் பிள்ள. தோளு வலிய நீ சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு. நீ கேக்கலன்னா நானே ஏதாவது ஒரு குறையக் கண்டுபிடிச்சிருப்பேன். அது வீட்டுல இருக்கது எனக்கும் பயமாத்தான் இருந்தது கேட்டியா, வெளிய சொல்லத்தான் நாக்கு வரல்ல" என்றார். என் கையிலிருந்த கிழங்கு நழுவித் தண்ணீருக்குள் விழுந்தது.

காட்டுப்பன்றிக்கு எந்தத் தோட்டா சரி என்பது எங்கள் வீட்டில் இன்றுவரை முடிவாகவில்லை. ஆனால் துவண்டுபோன ஒரு மனிதர் ஒன்றுக்கும் உதவாத ஏதோ ஒன்றை முடிவெடுக்காமல் இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால், நான் இப்போதெல்லாம் அவசரப்படுத்துவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தட்டில் இன்னொரு இட்லியை வைத்து, இன்னொரு கேள்வி கேட்கிறேன்.